வருதா?

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்
ராத்திரி இரண்டு மணிக்கு ஓட ஆரம்பிக்கும்.
அதனால் ஒன்பது மணி சீரியல் என்பது
என் தூக்கத்திடம் நான் வாங்கும் அரைமணிக் கடன்.
கடன்பட்டுப் பார்க்கிறவள்
கருத்துச் சொல்லாமல் இருப்பாளா?

அந்த வீட்டில் ஒருத்தரும் முழுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை.
இலையில் சாம்பார் விழுந்ததும்
எவளாவது மயங்கி விழுகிறாள்,
இல்லை போன் வருகிறது.
எழுநூறு எபிசோடாக அந்தச் சோற்றை
யார் எடுத்து மூடி வைக்கிறார்கள் என்று காட்டவே இல்லை.
என்னைக் கேட்டால் அதுதான் கதை.

எனக்கு வில்லியைத்தான் பிடிக்கும்.
சொன்னால் செபஸ்தியம்மாள்
கேரட் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து
மூஞ்சியில் தண்ணீர் தெளிப்பாள்.
யோசித்துப் பாருங்கள்,
நாயகி அழுகிறாள்,
நாயகன் மாடிப்படியில் பாதியில் நிற்கிறான்.
பத்திரம் தேடுவது, பூட்டுத் திறப்பது, பாலில் என்னத்தையோ கலக்குவது,
அத்தனை வேலையும் அவள் ஒருத்தி தலையில்.
விடியலில் முதல் ஆளாக எழுந்திருக்கிறவளும் அவள்தான்,
அதுவும் ஜிமிக்கியோடு.

பாட்டுப் போட்டி வேறு.
ஒன்பது வயதுப் பையன் பாடி முடித்ததும்
அவன் அப்பாவுக்கு எவ்வளவு கடன் என்று கேட்கிறார்கள்.
நல்லா பாடினே, போய்ச் சாப்பிடு என்று
சொல்லி அனுப்பினால் ஆகாதா?

போன ஜனவரியில் இங்கேயே ஒரு பாட்டு எடுத்தார்கள்.
எங்கள் மூட்டைகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார்கள்.
கேரட் கலர் புடவைக்கு ஒத்துவரவில்லையாம்.
புல்லெல்லாம் உப்புக் கொட்டினமாதிரி உறைபனி,
கையில்லாத ஜாக்கெட்டில் அந்தப் பெண்
வெயிலில் நிற்பவள்போலச் சிரித்தாள்.
'கட்' என்றதும் எங்கள் டிரம் அடுப்புக்கு ஓடிவந்து
இரண்டு கிளாஸ் டீ குடித்தாள்.
பல் தந்தியடிக்க, தேங்க்ஸ்க்கா என்றாள்.
படத்தில் அது இல்லை.
பாட்டே இல்லை, வெட்டிவிட்டார்களாம்.

சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்தது.

காட்டெருமை ஒன்று முதுகு சொறிய
எங்கள் டிஷ் கம்பியைத் தேர்ந்தெடுத்தது.
வில்லி பீரோச் சாவியைக் கையில் எடுத்த நேரம்
முகம் கட்டம் கட்டமாக உடைந்து
ஒரு கண் மட்டும் மூலையில் நின்றது.
பிறகு வெறும் நீலம்.

மாயழகும் நானும் பேசி நாலு நாள்.
ஐந்து லிட்டர் குக்கருக்கு
மூன்று லிட்டர் ரப்பர் வளையம் வாங்கி வந்தது யார்,
அளவைச் சரியாகச் சொல்லாதது யார்.
சீரியலில் இது
ஒரு விளம்பர இடைவேளைக்குக்கூடத் தாங்காது.

குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டு எழுந்து போனார்.
எருமை போய்விட்டதா என்று டார்ச் அடித்தார்.
தகரத்தில் கால் வைக்கும் சத்தம்.
அப்புறம் பனிக்குள்ளிருந்து,
"வருதா?"

நாலு நாளில் முதல் சொல்.

"வரல."
"இப்ப?"
"வரல."
"கொஞ்சம் கெழக்கால திருப்புறேன். இப்ப?"

வந்துவிட்டது.
வில்லி இரண்டு கண்ணோடும் வந்துவிட்டாள்.
ரிமோட்டைத் தேடிச் சத்தத்தை அமுக்கினேன்.
"வரலையே."

"இருமுறியே, மாத்திர போட்டியா?"
"போட்டேன். இன்னும் வரல."
"இந்தப் பக்கம்?"
"ம்ஹூம்."
தகரம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.
"வளையத்த மாத்தி வாங்கியாச்சு.
சட்டப் பையில கெடக்கு."

திரையில் வாயை மட்டும் அசைத்து
என்னவோ சத்தியம் செய்துகொண்டிருந்தாள் அவள்.
பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்,
டார்ச் வெளிச்சம் பனியில் பஞ்சுமாதிரி ஆடியது.

இன்னும் இரண்டு தடவை வரல என்றேன்.
மூன்றாவது தடவை
பாவம், குளிரும் என்று
"வந்துருச்சு, எறங்குங்க" என்றேன்.
பெயர்ப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி இரண்டு மணி.
மெஷின் இரைச்சலில் செபஸ்தியம்மாள் கத்தினாள்,
"சாவி யாரு கைக்குப் போச்சு?"
"எருமை!" என்றேன்.
"என்னது?"
"எருமைடி!"
என்ன புரிந்துகொண்டாளோ,
அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.